சனி ஞாயிறு வால்பாறை: மலேசிய மாணவர்கள் ஐந்து பேர், ஸ்கூட்டரா பேருந்தா?

பினாங்குப் பையன்:
வணக்கம். மலேசியாவிலிருந்து வந்து கோயம்புத்தூரில் படிக்கிறோம். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். வரும் சனி ஞாயிறு வால்பாறை போக எண்ணம். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா, பேருந்தே நல்லதா? கையில் மலேசிய லைசென்ஸ் இருக்கிறது. வெளிநாட்டவர் என்றால் சில விடுதிகளில் அறை தர மறுக்கிறார்களாமே, உண்மையா? திரும்பும்போது அதிரப்பள்ளி வழியாக வரலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதுவும் முடியுமா?

ஆனைமலை மெக்கானிக்:
தம்பி, ஸ்கூட்டர் வேண்டாமுங்க. ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுறதுல ஒண்ணும் இல்லை, இறங்குறப்பத்தான் சிக்கல். கியர் இல்லாத வண்டியில என்ஜின் இழுத்துப் பிடிக்கிறது ரொம்பக் கம்மி, ரெண்டு பேரு எடையும் பிரேக் மேலதான் விழும். பிரேக்கை விடாம பிடிச்சுட்டே இறங்கினா டிரம் சூடாகி லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். அப்பறம் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிக்காது. கருகுற வாடை வந்துச்சுன்னா உடனே ஓரங்கட்டி 20 நிமிஷம் ஆற விடணும். அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தீராதீங்க, டிரம் கோணிக்கும்.

கியர் வண்டி, கார் எதுன்னாலும் ஏறுறதுக்கு எந்த கியரோ அதே கியர்லயே இறங்கணும், பெரும்பாலும் ரெண்டாவதுதான். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்க இருக்காங்க, அந்த வேலையே ஆகாது. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. பஸ் வளைவுல திரும்புறப்ப ரோட்டை முழுசா எடுத்துக்கும். ஆரன் சத்தம் கேட்டா வளைவுக்குள்ள போகாம முன்னாலயே நின்னுருங்க.

இன்னொண்ணு, மலேசிய லைசென்ஸ் மட்டும் இங்க பத்தாது. ஐ.டி.பி. (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) வேணும். அதை உங்க ஊர்ல, உங்க நாட்டு ஆபீஸ்லதான் வாங்க முடியும், கோயமுத்தூர் ஆர்.டி.ஓ.வுல தர மாட்டாங்க. அதுல மோட்டார் சைக்கிள் பிரிவும் சேர்ந்திருக்கான்னு பாருங்க. கார் பிரிவு மட்டும் இருக்கிற ஐ.டி.பி.யை வெச்சுட்டு பைக் ஓட்டி விபத்தாச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சிருவாங்க. வாடகை வண்டி எடுத்தா கறுப்பு நம்பர் போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குத் தர்றதே தப்பு.

லாட்ஜ் கவுண்டர்:
அறை மறுக்கறது உண்மைதானுங்க, ஆனா காரணம் வேற. வெளிநாட்டவர் தங்கினா லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிஞ்சாகணும். பேச்சு வழக்குல சி ஃபார்ம்பாங்க. அதுக்கு லாட்ஜ் பேருல தனி லாகின் வேணும். சின்ன லாட்ஜ், ஹோம்ஸ்டே பல பேருகிட்ட அது கிடையாது. ஆப்ல பணம் கட்டி புக் பண்ணிட்டு நீங்க போய் நின்னா, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "அறை இல்லீங்க"ன்னுருவாங்க. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு, "மலேசியா பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?"ன்னு நேராக் கேட்டுருங்க. அதே போன்லயே மூணு பொண்ணுங்க ஒரு அறை, ரெண்டு பசங்க ஒரு அறைன்னும் சொல்லீருங்க.

பாஸ்போர்ட், விசா, எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவுத் தாள் மூணையும் அசலா எடுத்துட்டு வாங்க. ஆளுக்கு ஒரு செட் ஜெராக்ஸும் வேணும், போட்டோ மட்டும் போனில் இருந்தா ஆகாது.

2025 நவம்பர் 1-ல இருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் (வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்கிற அனுமதிச் சீட்டு) வந்துருச்சு. அரசு பஸ்ல வந்தா தேவையில்லை. சொந்த வண்டி, வாடகை வண்டின்னா வண்டி நம்பரைக் குடுத்துத்தான் எடுக்க முடியும். சனிக்கிழமை காலைல "வேற வண்டி அனுப்பறேன்"னு வாடகைக்காரர் சொன்னா பழைய பாஸ் செல்லாது. நம்பரை வெள்ளிக்கிழமையே உறுதி பண்ணீருங்க.

காக்காச்சி வழிப்போக்கன்:
மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி. ஆனா பஸ் மட்டும் போதும்னா நான் ஒத்துக்க மாட்டேன். பஸ் உங்களை வால்பாறை டவுன்ல இறக்கி விட்டுரும், பார்க்கிற இடமெல்லாம் அக்கட்டால இருக்கு. பஸ்ல போங்க, அங்க போய் ஒரு நாளைக்கு மட்டும் உள்ளூர் ஜீப்போ டாக்ஸியோ பேசிக்குங்க. அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா பெருசா ஒண்ணும் வராது.

சனிக்கிழமை நேரமே கிளம்பீருங்க. உக்கடத்துல 6 மணி வாக்குல பஸ் ஏறினா பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். அங்க பசியாறுறதா இருந்தா ரெண்டு இட்லியோட நிறுத்திக்குங்க. பொங்கலும் வடையும் தின்னுட்டு மலை ஏறினா பத்தாவது வளைவுலயே எல்லாம் வெளிய வந்துரும். வாந்தி வர்ற ஆளுங்க அவோமின் மாத்திரையைப் பொள்ளாச்சியில பஸ் ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணும், தூக்கம் வரும். பின் சீட் வேண்டாம், அங்கதான் ஆட்டம் அதிகம்.

பொள்ளாச்சியில இருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர், ரெண்டரை மூணு மணி நேரம். ஒன்பதாவது வளைவுல காட்சிமுனை இருக்கு, பாறை மேல வரையாடு நிக்கும். தீனி போடாதீங்க. புதுத்தோட்டத்துப் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும், அங்கயும் அதே பேச்சுதான். பிஸ்கட்டுக்குப் பழகின குரங்குதான் வண்டிக்கு அடியில மாட்டுது.

மத்தியானம் கூழாங்கல் ஆறு. கணுக்கால் வரைக்கும் நனைங்க, அதுக்கு மேல வேண்டாம். பார்க்க ஆழமில்லாத மாதிரிதான் இருக்கும், ஆனா கல்லு பாசி புடிச்சது, மேல மழை பெஞ்சா தண்ணி சொல்லாம ஏறும். மலையில ஆத்துல இறங்கி வெளியூர் மாணவர்கள் செத்த சம்பவமெல்லாம் நடந்திருக்கு. ஞாயிறு காலைல நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனை, அப்பறம் சோலையாறு அணை. மத்தியானம் 1 மணிக்கு பஸ் ஏறினா இருட்டறதுக்குள்ள கோயமுத்தூர்.

பொழுது சாஞ்சா எஸ்டேட் ரோட்டுல நடக்காதீங்க. சிறுத்தை, யானை ரெண்டும் உண்டு. கம்பத்துல சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிஞ்சா பக்கத்துல யானை நிக்குதுன்னு அர்த்தம், வந்த வழியே திரும்பீருங்க.

பினாங்குப் பையன்:
மிக்க நன்றி அண்ணா. பேருந்து என்றே முடிவு செய்தோம். அதிரப்பள்ளி பற்றி யாரும் சொல்லவில்லையே? அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது?

காக்காச்சி வழிப்போக்கன்:
அதிரப்பள்ளியை இந்தத் தடவை விட்டுருங்க தம்பி. மலக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டினா முழுக்கக் காடு, நடுவுல இறங்க விட மாட்டாங்க, மத்தியானத்துக்கு மேல வண்டியைத் திருப்பி அனுப்பறதும் உண்டு. அப்படியே போனாலும் அருவிக்கு அக்கட்ட இறங்குறது சாலக்குடியில. அங்க இருந்து பாலக்காடு சுத்தி ராத்திரிதான் கோயமுத்தூர் சேருவீங்க.

அட்டைக்கு உப்பை ஒரு சின்னத் துணியில முடிஞ்சு தண்ணியில நனைச்சு வெச்சுக்குங்க, ஒத்தினா விழுந்துரும். எப்படி எடுத்தாலும் ரத்தம் நிக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்குங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும்தான் தொந்தரவு அதிகம், இப்பப் போனா புல்லுக்குள்ள இறங்காம இருந்தாலே போதும்.