லேயாளுக்கு மாறுகண்ணா? எந்த வசனத்தில்?

வழிப்போக்கன்:
“லேயாள் மாறுகண் உடையவள், அதனால்தான் யாக்கோபு அவளை வெறுத்தார்” என்று யாக்கோபின் முதல் மனைவியைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் உபதேசம் செய்திருந்தார். எந்த வசனத்தில் இருக்கிறது? வேதாகமத்தில் ஆதியாகமம் 29:17இல் அவள் கண்களுக்கு உள்ள எபிரேயச் சொல் ‘ரக்கோத்’. மென்மை என்று பொருள். 18:7இல் ஆபிரகாம் பிடித்த ‘இளங்கன்று’க்கும் இதே வேர்தான். கன்றுக்கு இளமை, லேயாளுக்கு மாறுகண்ணா?

மூன்றாம் பெஞ்சு:
அந்த ஒருவர் நான்தான். நேராகவே திட்டலாம். தமிழ் வேதாகமத்தில் ‘கூச்சப்பார்வை’ என்று அச்சாகியிருக்கிறது. கூசுவது நல்ல கண்ணா?

வழிப்போக்கன்:
வெயிலில் எனக்கும்தான் கூசுகிறது. எனக்கு மாறுகண்ணா? ஓங்கெலோசின் அரமேய மொழிபெயர்ப்பு அவள் கண்கள் அழகானவை என்றே சொல்கிறது.

மூன்றாம் பெஞ்சு:
கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் ‘பலவீனமானவை’ என்கிறதே, அதை வசதியாக விழுங்கிவிட்டீர்களா? ரூத் விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

வழிப்போக்கன்:
ரூத்தில் தோற்ற காயம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. பலவீனமும் மாறுகண் அல்ல. வசனம் எங்கே?

கிணற்றடி:
கண்ணை விட்டுத்தொலையுங்கள். யாக்கோபின் அண்ணன் ஏசாவுக்கு வாழ்க்கைப்பட நேருமோ என்று அழுதழுது இமை மயிர் உதிர்ந்தது என்கிறது யூதர்களின் தால்முத் நூல். முதல் மூன்று பிள்ளைகளையும் புருஷனின் அன்புக்காகப் பெற்றவள், நான்காவதாக யூதா பிறந்தபோதுதான் “கர்த்தரைத் துதிப்பேன்” என்கிறாள். ராஜா தாவீது வந்தது அந்த வம்சத்தில். அவள் தங்கை ராகேலுக்காக 14 வருடம் காத்திருந்த யாக்கோபோ, கடைசியில் குடும்பக் கல்லறையான மக்பேலா குகையில் லேயாளோடுதான் அடக்கமானார்.

வழிப்போக்கன்:
காத்திருந்தது 7 வருடம். லேயாளின் ஏழு நாள் நிறைவேறியதும் ராகேலையும் கொடுத்துவிட்டான் அவர்கள் தகப்பன் லாபான். அடுத்த 7 வருடம் கடனுக்கு வேலை. இதைக்கூடப் படிக்காமல் வந்துவிடுகிறார்கள்.

கிணற்றடி:
நான் சொன்னதில் உங்களுக்குத் தென்பட்டது அந்த எண் மட்டும்தானா? உங்கள் கண்ணையும் கொஞ்சம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பெஞ்சு:
நல்ல கேள்வி! சரி, லேயாளின் கண் அவ்வளவு அழகென்றால், ராகேல் என்று நம்பி அவளை மணந்த இரவில், விடியும்வரை யாக்கோபுக்கு ஆள் தெரியாமல் போனது எப்படி?

வழிப்போக்கன்:
முக்காட்டுக்குள் இருந்த கண் எப்படித் தெரியும்?

மூன்றாம் பெஞ்சு:
முக்காடா? எந்த வசனத்தில்?

வழிப்போக்கன்:
பேச்சை மாற்றாதீர்கள். மாறுகண் எந்த வசனத்தில்?