புது ட்ரோன்களில் அப்பர்ச்சரும் மெக்கானிக்கல் ஷட்டரும் ஏன் காணோம்?

நிழல்பறவை:
2016-ல் வந்த டிஜேஐயின் ஃபேன்டம் 4 ப்ரோவில் எஃப்/2.8 முதல் எஃப்/11 வரை மாற்றக்கூடிய அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எண் கூடினால் துளை சிறிது), மெக்கானிக்கல் ஷட்டர் (ஒளியைத் திறந்து மூடும் அசையும் திரை) இரண்டும் இருந்தன. பிறகு வந்த ஏர் 2எஸ், ஏர் 3, மினி 4 ப்ரோ எதிலும் இரண்டுமே இல்லை. மேவிக் 3-ல் அப்பர்ச்சர் உண்டு, மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. வேறு ஆப் வைத்து மேப்பிங் செய்யலாம் என்றால் சில மாடல்களுக்கு எஸ்டிகே (வெளி ஆப்கள் ட்ரோனை இயக்க உற்பத்தியாளர் தரும் மென்பொருள் கருவி) ஆதரவே கிடையாது. செலவை மிச்சம் பிடிக்கிறார்களா, வேண்டுமென்றே பிடுங்குகிறார்களா? ஃபர்ம்வேர் அப்டேட்டில் வருமா? எனக்கு நில மேப்பிங்கும் வேண்டும், வீடியோவும் வேண்டும்.

கிம்பல்காரன்:
ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு நண்பரே. அப்பர்ச்சர் இதழ்களும் மெக்கானிக்கல் ஷட்டரும் ஓடும் பாகங்கள். லென்ஸுக்குள் அவை இல்லையென்றால் எந்த ஃபர்ம்வேராலும் கொண்டுவர முடியாது, காத்திருக்க வேண்டாம். கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கி) ஏறும் எடை அதோடு நிற்பதில்லை: கேமரா கனத்தால் கிம்பல் மோட்டார் பெரிதாக வேண்டும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், பேட்டரியும் பெருக்கும். ஃபேன்டம் 4 ப்ரோ 1,388 கிராம், அது தாங்கும். 249 கிராமுக்குள் அடங்க வேண்டிய மினி தாங்காது.

ஃபோட்டோவுக்கு இழப்பு பெரிதில்லை என்பேன். 1 அங்குல சென்ஸாரில் எஃப்/5.6-ஐத் தாண்டினாலே, சிறு துளையில் ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை குறையத் தொடங்கும். சிரமம் வீடியோவுக்குத்தான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 அளவில் நிற்கும். விநாடிக்கு 25 ஃப்ரேம் வீடியோவுக்கு 1/50 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைக்கணும், அதாவது ஒளியை 64-ல் ஒரு பங்காக்கும் என்டி64 ஃபில்டர். எஃப்/1.7 லென்ஸில் இன்னும் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் கூடும், எனவே என்டி128 அல்லது என்டி256. அந்த மாடலுக்கென்றே செய்த ஃபில்டராகப் பார்த்து வாங்கி, ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டுங்கள். எடை ஒத்துவராவிட்டால் கிம்பல் ஓவர்லோட் எச்சரிக்கை வரும்.

அளவைமணி:
மேலே சொன்னது அப்பர்ச்சருக்குச் சரி. மெக்கானிக்கல் ஷட்டருக்கு எடை மட்டும் காரணம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மேவிக் 3 என்டர்பிரைஸில் 4/3 சென்ஸாரோடு மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறது. அதே அளவு சென்ஸார் உள்ள சாதாரண மேவிக் 3-ல் இல்லை. சர்வே செய்பவர் விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டும் என்ற கணக்குதான். எஸ்டிகே கதையும் அதே: மினி 3 ப்ரோவுக்குக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய மேவிக் 3-க்கும் ஏர் 3-க்கும் கொடுக்காததற்கு எடை என்ன செய்யும்?

மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாமல், படத்தை வரிவரியாகப் படிக்கும் ரோலிங் ஷட்டரோடு மேப்பிங் செய்தே ஆக வேண்டுமென்றால், கணக்கைப் பாருங்கள். சென்ஸார் முழுவதையும் படிக்க 30 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ட்ரோன் அதற்குள் 30 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரு பிக்ஸல் தரையில் 2.5 செ.மீ. என்றால் படத்தின் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் 12 பிக்ஸல் விலகல். வேகத்தை 4 மீட்டராகக் குறைத்தாலும் 5 பிக்ஸல் மிஞ்சும். அதனால் நின்று நின்று எடுப்பதே நல்லது: ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தி, ஆட்டம் அடங்கியபின் ஷட்டர். பேட்டரி கூடுதலாகத் தின்னும், வேறு வழியில்லை. மெட்டாஷேப்பில் (படங்களை இணைத்து வரைபடமாக்கும் மென்பொருள்) கேமரா கேலிப்ரேஷன் பக்கத்தில் ரோலிங் ஷட்டர் காம்பன்சேஷனை ஆன் செய்யுங்கள். அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓவர்லேப் முன்பக்கம் 80%, பக்கவாட்டில் 70%. தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடத்தைத் துல்லியமாக அளந்து தரையில் வைக்கும் குறிகள்) குறைந்தது ஐந்து வையுங்கள், நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று.

இன்னொன்று. மினி 3 ப்ரோவில் எஸ்டிகே இருந்தாலும் வேபாயின்ட் திட்டம் (போக வேண்டிய புள்ளிகளின் பட்டியல்) ட்ரோனுக்குள் ஏறாது. ஆப்தான் விர்ச்சுவல் ஸ்டிக் வழியாக, ரிமோட் குச்சியை அசைப்பதுபோல் கட்டளை அனுப்பி ஓட்டும். சிக்னல் அறுந்தால் மிஷனும் அறுந்துவிடும். உயர்ந்த மரங்களுக்குப் பின்னால் அனுப்பாதீர்கள்.

விதிப்புத்தகம்:
சட்டத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். மினி 3 ப்ரோவின் சாதாரண பேட்டரி 80.5 கிராம், ப்ளஸ் பேட்டரி 121 கிராம். ப்ளஸ் போட்டால் மொத்த எடை 250-ஐத் தாண்டும், ஐரோப்பாவின் சி0 வகுப்பு (250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்களுக்கானது) போய்விடும். அதனால் அங்கே அந்தப் பேட்டரியை விற்கவே இல்லை. சி0-வில் ஃபாலோ மோட் ஆன் செய்திருந்தால் ஓட்டுபவரிடமிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். சிக்னல் தூரமும் அப்படித்தான்: மினி 4 ப்ரோவுக்கு எஃப்சிசி (அமெரிக்க அலைவரிசை விதி) பகுதிகளில் 20 கி.மீ., சிஇ (ஐரோப்பிய விதி) பகுதிகளில் 10 கி.மீ. வன்பொருள் ஒன்றுதான், அனுமதிக்கப்பட்ட அலைச்சக்தி வேறு.

உதிரிபாகத் தட்டுப்பாடும் காரணமாகலாம். 2020-ல் மேவிக் ஏர் 2 வந்தபோது, பக்கத்தில் விமானம் வந்தால் ஓட்டுபவரை எச்சரிக்கும் ஏர்சென்ஸ், பாகங்கள் போதாததால் வட அமெரிக்க மாடலில் மட்டும்தான் இருந்தது.

நிழல்பறவை:
அப்படியானால் எதற்குத்தான் அப்டேட்டை எதிர்பார்க்கலாம்?

அளவைமணி:
பாகம் ஏற்கெனவே உள்ளே இருந்து, மென்பொருள் மட்டும் பாக்கி என்றால்: கலர் ப்ரொஃபைல், ஃப்ரேம் ரேட், புது ட்ராக்கிங் முறை இப்படி. மேவிக் 3 விற்பனைக்கு வந்தபோது ஆக்டிவ்ட்ராக் 5.0 (ஆளையோ பொருளையோ பின்தொடரும் முறை) கிடையாது, பிறகு அப்டேட்டில் கொடுத்தார்கள். எஸ்டிகே இல்லாத மாடலை "நாளைக்குக் கொடுப்பார்கள்" என்று நம்பி வாங்காதீர்கள். பணம் கட்டுமுன் உங்கள் மேப்பிங் ஆப்பின் ஆதரவுப் பட்டியலில் ட்ரோன், ரிமோட் இரண்டின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். திரை வைத்த ரிமோட்டில் வெளி ஆப்பை ஏற்ற முடியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், ஃபோன் மாட்டும் ரிமோட்தான் இதற்குப் பாதுகாப்பு.