கீர்கங்கா வெந்நீர்க் குளத்தில் சந்தித்த பெரியவர்

ஹிமாச்சலின் பார்வதி பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களில் பலர் கசோலோடு நின்றுவிடுகிறார்கள், இல்லையென்றால் மணிகரண் குருத்வாராவில் கொதிக்கும் ஊற்றுக்குள் பானையை இறக்கி லங்கருக்கு, அதாவது எல்லோருக்கும் இலவசமாகப் போடும் சாப்பாட்டுக்கு, சோறு வேகவைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடக்கத் தெம்பு இருந்தால் கீர்கங்கா வரை கட்டாயம் போங்கள். பர்ஷேணியில் பேருந்து நின்றுவிடும், அதற்கு மேல் கால்தான். ஏறக்குறைய 12 கிலோமீட்டர், முடியும் இடம் 2,900 மீட்டருக்கு மேல்.

நான் நக்தான் கிராமம் வழியாகப் போனேன். ருத்ரநாக் அருவி வரைக்கும் பெரிய சிரமம் இல்லை, வழியில் டீக்கடைகள் இருக்கின்றன. அங்கே பார்வதி ஆற்றைப் பாலத்தில் கடந்ததும் காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம் ஆரம்பிக்கிறது, மூச்சு வாங்கவைப்பது அந்தக் கடைசிப் பகுதிதான். கல்கா வழியாகவும் ஒரு பாதை உண்டு. அழகான காடு, ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு, கிளைப்பாதைகள் அதிகம். அந்த வழியில் தனியாக வந்த இரண்டு பையன்கள் வழி தவறி, இருட்டிய பிறகு முகம் வெளிறிப்போய் மேலே வந்து சேர்ந்தார்கள். போனில் சிக்னல் இல்லாத இடம் அது. இந்தப் பள்ளத்தாக்கில் காணாமல் போய் இன்றுவரை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள், அதனால் முதல் தடவை போகிறவர்கள் தயவுசெய்து நக்தான் வழியையே பிடியுங்கள்.

மேலே ஆண்களுக்குத் திறந்த குளம், பெண்களுக்கு மறைப்போடு தனிக் குளம். சுற்றிலும் பனி மூடிய மலைகள், கழுத்து வரைக்கும் வெந்நீர். பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மறுபடி மேலே வருகிறது. குளத்துக்குள் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன கணக்கு வேறு. கார்த்திகேயன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தவமிருந்த இடம் இது, ஒரு காலத்தில் இங்கே பால் பாயசமே ஓடியது, கலியுகத்தில் மனிதர்கள் இதற்காக அடித்துக்கொள்வார்கள் என்று பரசுராமர் அதைத் தண்ணீராக்கிவிட்டார் என்றார். எங்கள் ஊரில் கார்த்திகேயனை முருகன் என்போம், அவருக்கு மலைதோறும் கோயில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷம்! பழநியைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், எத்தனை படி, நடந்துதான் ஏற வேண்டுமா, மொட்டை போடுவார்களா என்று.

அந்த நேரம் ஒருவர் சோப்பும் ஷாம்புவுமாகக் குளத்தில் இறங்க வந்தார். பெரியவர் சத்தம் போடவில்லை, எழுந்து போய் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, உடம்பைக் கழுவிக்கொண்டு அப்புறம் இறங்கச் சொன்னார். சாமி குளிக்கிற தண்ணீர் என்று ஒரே வரிதான். சரி, நாம் கோயில் தெப்பக்குளத்தில் ஷாம்பு போடுவோமா? இங்கேயும் அதே மரியாதை வேண்டும். 2018ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மேலே இருந்த கூடாரங்களையும் கடைகளையும் வனத்துறை அகற்றியதற்குக் காரணமே நம்மைப் போல வந்தவர்கள் விட்டுப்போன குப்பையும் நெரிசலும்தான். இரவு தங்க இடம் இருக்கிறதா என்று பர்ஷேணியிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று, ஏறி வந்த களைப்பில் வெந்நீரில் ரொம்ப நேரம் ஊறக்கூடாது. என் பக்கத்திலிருந்த ஒரு பையன் சட்டென்று எழுந்ததும் தலைசுற்றிச் சாய்ந்தான், பெரியவர்தான் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும், வியர்வையில் உடம்புத் தண்ணீரும் போயிருக்கும். முதலில் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், கொஞ்ச நேரம் ஊறுங்கள், மெதுவாக எழுந்திருங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், மண்சரிவு அதிகம். மே, ஜூன் இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. அன்றே இறங்குவதாக இருந்தால் காலையில் வெள்ளனே கிளம்பிவிடுங்கள்.