ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் மாறும் இரவுக்கு வார்டைத் தயார் செய்வது: அனுபவத்தில் தெரிந்தவை

நர்சிங் பயிற்சி:
இரண்டு மாதம் முன்பே பயிற்சி கொடுத்தால் பாதி மறந்துபோகும். கடைசி இரண்டு, மூன்று வாரம்தான் சரி. பேட்ச்சுக்கு 8 பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நைட் டூட்டி முடித்தவர்களை அப்படியே கிளாஸில் உட்கார வைத்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும். மெனுவைக் காட்டிக்கொண்டு போகாமல் அட்மிஷன், ஸ்டாட் ஆர்டர் (டாக்டர் உடனே செய்யச் சொல்வது), மருந்து கொடுத்ததைப் பதிவது, ஐசியுவுக்கு மாற்றுவது, டிஸ்சார்ஜ் என்று வேலை வேலையாகச் செய்ய வையுங்கள். தப்பாகப் பதிந்ததைத் திருத்தச் சொல்லித் தருவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் நாளில் அதிகம் தேவைப்படுவது அதுதான்.

ஐடி பிரிவு:
பயிற்சிக்கென்று வைத்த சர்வரின் ஸ்கிரீன் மேல்பட்டை வேறு நிறத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் நிஜ பேஷண்டை அதில் பதிந்துவிட்டு, ஆர்டர் ஏன் லேபுக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். அந்த சர்வரிலிருந்து பிரிண்டர்களைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் போலி லேபிள் லேபில் அச்சாகும். லாகின் கொடுத்தால் மட்டும் போதாது. அவரவர் ஐடியில், அவரவர் வார்டு கம்ப்யூட்டரில் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். ஹவுஸ் சர்ஜனுக்கு ஆர்டர் போடும் அனுமதி இல்லை என்பது நள்ளிரவில் தெரியக் கூடாது. அப்படித் தெரிந்தால் வார்டு முழுக்க ஒரே சிஸ்டரின் பாஸ்வேர்டில் ஓடும், கொடுத்த டோஸ் எல்லாம் அவர் பெயரில் ஏறும்.

வார்டு இன்சார்ஜ்:
சாஃப்ட்வேர் மாற்ற சிஸ்டத்தை நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூன்று பிரிண்ட் கையில் இருக்க வேண்டும்: படுக்கைவாரியான பேஷண்ட் பட்டியல், ஒவ்வொருவரின் மருந்து சார்ட், முடியாத ஆர்டர்கள். இடையில் வரும் புது அட்மிஷனுக்கு முன்கூட்டியே அச்சிட்ட தற்காலிக எண் ஸ்டிக்கர். பிறகு அதை நிரந்தர எண்ணோடு இணைப்பது யார் என்று பெயர் எழுதி வையுங்கள்; விட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு ரெக்கார்டு.

சிஸ்டம் திரும்பியதும் பதியும் வரிசை முக்கியம். முதலில் அட்மிஷன், இடமாற்றம், டிஸ்சார்ஜ். அடுத்து ஆர்டர், அதன் பிறகே கொடுத்த மருந்து. அட்மிஷன் ஏறாமல் ஆர்டர் எதிலும் ஒட்டாது. மருந்து பதியும்போது நேரத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இரவு 10 மணிக்குப் போட்ட ஆன்டிபயாடிக்கை அதிகாலை 4.30க்குப் பதியும்போது ஸ்கிரீன் தானாக 4.30 என்றே காட்டும். அப்படியே சேமித்தால், கடைசி டோஸிலிருந்து கணக்கிடும் சிஸ்டம் 8 மணி நேர மருந்தைக் காலை 6க்குப் பதில் பகல் 12.30க்குத் தள்ளிவிடும்.

பார்மசி:
மருந்துப் பட்டியலை டாக்டர், சிஸ்டர், பார்மசிஸ்ட் மூவரும் சேர்ந்து சரிபார்க்கட்டும். தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், மில்லிகிராம் ஆகியிருக்கிறதா? இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று வரியிலேயே தெரிகிறதா? இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. டிடிஎஸ் (நாளுக்கு மூன்று வேளை) என்றால் 6-2-10 என்று ஒரு வார்டும் 8-2-8 என்று இன்னொன்றும் பழகியிருக்கும், சிஸ்டம் ஒன்றைத்தான் எடுக்கும். டாக்டர்கள் சேமித்து வைத்த ஆர்டர் செட் (ஒரே கிளிக்கில் போடும் ஆர்டர் தொகுப்பு) புது வெர்ஷனுக்கு வராதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ரவுண்ட்ஸ் நடுவில் தெரிந்தால் கோபம் சிஸ்டர்மேல்தான் விழும்.

லேப்:
லேபிள் அளவைச் சோதியுங்கள். 50×25 மில்லிமீட்டர் ஸ்டிக்கருக்குப் போக வேண்டியது ஏ4 அளவுக்கு மாறிப் போனால் பார்கோடு வெட்டுப்படும். அச்சானதைப் பார்த்தால் போதாது, ரத்தத்தைச் சோதிக்கும் மெஷினான அனலைசரில் வைத்து ஸ்கேன் ஆகிறதா என்று பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்டர்:
14 இலக்க ஆபா எண்ணை (மத்திய அரசின் ஹெல்த் அக்கவுன்ட் எண்) ஆஸ்பத்திரி எண் கட்டத்தில் போட்டுவிடுவது வழக்கமான குழப்பம். முதல் மூன்று நாளுக்கு ஓபி அப்பாயின்ட்மென்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால்தான் வரிசை நகரும்.

வார்டு இன்சார்ஜ்:
ஒன்று விட்டுப்போயிற்று. ஷிஃப்டுக்கு ஒருவரை உதவிக்கு நிறுத்தினால் அவருக்குப் படுக்கை ஒதுக்காதீர்கள். ஆறு பேஷண்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடு என்றால் நடக்காது. சிஸ்டம் நின்ற நேரத்தில் கையால் எழுதிய தாள்களைப் பதிந்ததும் "பதிந்தாயிற்று" என்று எழுதி, நேரமும் இனிஷியலும் போட்டு கேஸ் ஷீட்டில் சேருங்கள். கிழித்துப் போட வேண்டாம்.