முகாம் பெண்களுக்கு வெளியில் நடமாட என்ன தடை?

தலவாக்கலை குமார்:
தமிழ்நாட்டில் இலங்கை அகதி முகாம்களில் இருக்கும் நம் மலையகப் பெண்கள் சுதந்திரமாக நடமாட முடியவில்லை என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதே மொழி, அதே சாமி, ஊருக்குள் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சும்மா ஒப்பாரி வைக்காதீர்கள்.

மஸ்கெலியா மகேஸ்:
கலக்க விட்டால்தானே அண்ணா. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கள் சின்னம்மா தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே வவுனியா போய், அப்புறம் மன்னாரில் படகேறி தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்குப் போனவர். பஸ்ஸில் வாயைத் திறந்தாலே "சிலோனா?" என்பார்களாம், 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்து ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பாராம். முகாமில் அதிகாரிகள் ஆளெண்ணிப் பார்க்கும் செக்கிங் நாளில் ஆள் இல்லையென்றால், அரசாங்கம் மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கும். பெயின்ட் வேலைக்கு வெளியூர் போன ஆம்பளைகள் அன்றைக்கு மட்டும் ஓடிவருவார்கள், மற்ற நாளெல்லாம் முகாமே கதியென்று கிடப்பது பெண்கள்தான்.

தலவாக்கலை குமார்:
இங்கே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் பெண் மட்டும் நினைத்த நேரம் டவுனுக்குப் போகிறாளா? ஞாயிறும் சம்பள நாளும் விட்டால் ஹட்டன் பஜார் பக்கம் தலைகாட்ட முடியாது, அதுவும் இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கவேண்டும். இது பெண்கள் பிரச்சினை, அகதிப் பிரச்சினை இல்லை.

ஊவாக்காரி:
பாதி சரி. ஆனால் இங்கே நேரம் தப்பினால் ஏச்சு விழும், பதிவிலிருந்து பெயர் வெட்டுப்படாது. ஒரே மொழி என்கிறீர்களே, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன நம் சனங்களும் தமிழ்தானே பேசினார்கள்? கிணற்றடியிலும் சந்தையிலும் "தோட்டக்காட்டார்" என்று இளக்காரமாக ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஆம்பளைக்காவது வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் பழக்கம் கிடைக்கும், கிணற்றடியில் தினமும் போய் நிற்பவள் பெண்தான்.

தலவாக்கலை குமார்:
பழங்கதை. 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றி, பணக்கொடையைக் கூட்டி, புது வீடும் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மஸ்கெலியா மகேஸ்:
வீடு நல்லதுதான், யார் இல்லை என்றது. சின்னம்மாவின் மகள் அங்கேயே பிறந்து, படித்து, வேலைக்குப் போகிறாள், ஆனால் குடியுரிமை இல்லை. ஒரு பெண்கள் விடுதியில் முகாம் முகவரியைப் பார்த்ததும் இடமில்லை என்றுவிட்டார்கள். கூட வேலை செய்பவர்கள் பஸ்ஸில் இருந்தால் இப்போதும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறாள்.

தலவாக்கலை குமார்:
சரி தங்கச்சி, அவளை இங்கே கூப்பிட்டால் வருவாளா? வந்தால் ஹட்டனில் எந்த ஸ்டாப்பில் இறங்குவாள், அவளுக்கென்று இங்கே லயத்தில் ஒரு காம்பரா, ஒரு அறையாவது இருக்கிறதா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.