கோழிக்கூண்டில் செள்: சாம்பலும் வேப்பிலைப் பொடியும் போதுமா?

கேள்வி (உசிலம்பட்டி):
எங்கள் நாட்டுக்கோழிகள் சில நாட்களாகக் கூண்டில் அடைய மறுத்து முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. அடைக்கோழியோ கொண்டை வெளுத்து, முட்டைகளை விட்டு அடிக்கடி எழுந்துவிடுகிறது. கூண்டுச் சட்டத்தின் இடுக்கைத் தேய்த்தால் விரலில் இரத்தக் கறை படிகிறது. மருந்து தெளிக்காமல், சாம்பலும் வேப்பிலைப் பொடியும் கொண்டு இதைக் கட்டுப்படுத்த இயலுமா?

பதில் (மேலூர்):
ஐயா, இது இரவில் மட்டும் கோழியின் மீதேறி இரத்தம் குடித்துவிட்டு, பகலில் மர இடுக்குகளில் பதுங்கும் சிவப்புச் செள்ளாகவே இருக்க வேண்டும் என்பதால், கோழியின் மேல் மட்டும் பொடி தூவுவதில் பெரிய பயன் இல்லை. முதலில் கூண்டைக் காலிசெய்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பின்பு டயட்டமேசிய மண்ணை (நுண்பாசிகளின் புதைபடிவ ஓடுகளாலான மென்பொடி) இடுக்குகளிலும் கோழி அமரும் கம்பின் முனைகளிலும் தூவுங்கள். அது செள்ளின் மேலுள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து, உடலின் ஈரத்தை வற்றச் செய்து கொல்கிறது. நனைந்தால் வேலை செய்யாது, ஆகவே ஐப்பசி மழையில் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் மிகுந்த நம் பகுதியில் செள் 7 முதல் 10 நாட்களுக்குள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும் என்பதால், வாரந்தோறும் திரும்பத் தூவுவது அவசியம்.

பதில் (அலங்காநல்லூர்):
சலித்த விறகுச் சாம்பலை மணலுடன் கலந்து, நிழலில் புழுதிக்குளியலுக்கு வையுங்கள். வேப்பிலைப் பொடியையும் சேர்க்கலாம். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடவே கூடாது.

பதில் (திருமங்கலம்):
எந்தப் பொடியானாலும் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு; மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கோழிகளை வெளியேற்றிய பிறகே தூவுங்கள். அடை வைத்த பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். கொண்டை தொடர்ந்து வெளுத்தே இருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.