புதுப்பிப்பு: அம்மாவின் பெட் சிடி ஸ்கேன்

விடாத காய்ச்சல், ஈஎஸ்ஆர் (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 96 என்று எகிறியிருக்கிறது, அம்மாவுக்கு உடனே பெட் சிடி (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். முடிவு வந்துவிட்டது: இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடியில் அழற்சி.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஊசியில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரையை அழற்சி உள்ள இடம் அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். பெருநாடிச் சுவர் கல்லீரலைவிடப் பளிச்சென்று, தண்டவாளம் மாதிரி இரண்டு கோடாகத் தெரிந்தது. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கிச் சில நாட்களில் அந்த ஒளி மங்கிவிடும் என்பதால்தான் அவசரப்படுத்தினாராம். 'டாக்டர் காசு பிடுங்குகிறார்' என்று அப்போது எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஏஐ பார்த்துச் சொல்லாதா என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு முயன்றிருக்கிறது. படத்திலிருந்து பெருநாடியை மட்டும் பிரித்தெடுத்து, ஒளியின் அளவையும் பரவலையும் எண்களாக்கி, மெஷின் லேர்னிங் மாடலிடம் (பழைய படங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) கொடுக்கிறார்கள். ஆனால் வயதானவர்களுக்குக் கொழுப்பு படிந்த ரத்தக்குழாயும் லேசாக ஒளிரும்; அனுபவசாலிகளின் கண்ணே தடுமாறும் இடம் அது. நோயும் அரிது, பயிற்சிக்குப் படங்கள் கிடைப்பது கஷ்டம்.

சரி, அம்மா? காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று மூன்றாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.